சாவா மூவாப் பேராடு

டெண்டர், காண்ட்ராக்ட் என்றாலே வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாச்சாரம் என்று நமக்கு ஒரு நினைப்பு. “பொருளை இப்படிச் செய் என்று சொல்லாதே, இன்ன பலன் வேண்டும் என்று கேள்” என்கிற முறையைப் புதுமை என்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை விடப்பட்டது. பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது கால் நாழி, நெய் அளக்க வேண்டும். காசாகவும் கொடுத்ததுண்டு. போளூர் பக்கம் திருமலைக் குந்தவை ஜினாலயத்துக்கு, இராசேந்திர சோழன் காலத்தில், வணிகர் நன்னப்பையன் மனைவி சாமுண்டப்பை நந்தா விளக்குக்கு 20 காசு வைத்தார்.

விளக்குக்கு விட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு உலகத்தில் ஏது? கிழடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை குறையக் கூடாது என்பதே பொருள். எங்கே மேய்ப்பது, என்ன தீனி போடுவது என்பதெல்லாம் இடையர் பாடு. கோயில் கேட்டது விளக்குக்கு நெய்.

பலனை மட்டும் கேட்டால் ஏமாற்றிவிடுவார்களே என்பீர்கள். அதற்கும் கட்டு வைத்தார்கள். ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலோடு ஒத்த உழக்கால்தான் அளக்கணும். அவரவர் வீட்டுப் படி செல்லாது. இடையரோடு அவர் உறவுமுறையாரும் பொறுப்பாளிகளாக எழுதப்பட்டனர்.

நான் பாத்திர வியாபாரி. ஒருமுறை ஓர் அலுவலகச் சமையற்கூடத்துக்கு அண்டா சப்ளை செய்தேன். எடை, விட்டம், தகட்டுக் கனம் எல்லாம் எழுதியபடியே கொடுத்துப் பணமும் வாங்கிவிட்டேன். ஒரு மாசத்துக்குள் சமையற்காரர் கடைக்கு வந்தார். “ஐயா, அண்டா நல்லாத்தான் இருக்கு, சோறுதான் அடி பிடிக்குது” என்றார். தகடு மெல்லிசு என்று எனக்கு முன்பே தெரியும். அடி பிடிக்காமல் சோறு ஆகணும் என்று காகிதத்தில் யாரும் எழுதவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தப்பு இல்லாத கணக்கு அது. ஆனாலும் இன்றுவரை மனசில் உறுத்துகிறது.

நம் சங்கத்தில் விழாச் சாப்பாட்டுக்கோ கட்டட வேலைக்கோ ஒப்பந்தம் எழுதும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். எரிய வேண்டிய விளக்கு எது? எந்தப் படியால் அளப்போம்? குறைந்தால் யார் பொறுப்பு? மற்றதைத் தொழில் தெரிந்தவர் கையில் விட்டுவிடலாம்.