மூலவடிவம் எது? — பழைய வான்களைப் புதுக்குதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஜிந்துப்பிட்டியிலிருந்து கொச்சிக்கடைப் பக்கமாக இறங்கும் சந்தொன்றில், பழைய வோக்ஸ்வாகன் வான் ஒன்று பல மாதங்களாகச் சில்லுகள் கழற்றப்பட்டு மரக்கட்டைகளின் மேல் நின்றது. அதனைத் திருத்தி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்து, குடும்பத்துடன் நாட்டைச் சுற்றிவர வேண்டுமென்பது உரிமையாளரின் ஆசை. தகட்டைச் சுரண்டத் தொடங்கிய மெக்கானிக் வெள்ளையின் கீழ் நீலத்தையும், நீலத்தின் கீழ் சாம்பலையும், அதன் கீழ் மேலும் இரு நிறங்களையும் கண்டார். அவ்வழியாற் சென்ற என்னிடம், "சேர், நீங்க சரித்திரம் படிப்பிக்கிறவர்தானே, இதுல எந்தக் கலரோட நிப்பாட்டுறது?" என்று கேட்டார். பாதி வேடிக்கையாகவே அவர் கேட்டிருக்கலாம். எனினும் அவ்வினா, பழம்பொருளைப் புதுக்கும் எவரும் தப்பிக்கொள்ள முடியாத வினாவாகும். ஈழத்துச் சூழலில் அதற்குரிய விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானை வீடாக்கும் எண்ணம் இன்றைய உருவில் ஐரோப்பாவிலே தோன்றியது. 1947 ஏப்பிரில் 23ஆந் திகதி, பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர் தமது குறிப்பேட்டில் வரைந்த ஒரு பெட்டி வடிவமே வோக்ஸ்வாகன் வானின் கரு என்பர். பொறி பின்புறத்தில், சாரதி முன்புறத்தில், நடுவே வெற்றிடம்: இவ்வளவே அவ்வரைபு. 1950 மார்ச்சில் ஜேர்மனியில் உற்பத்தி தொடங்கிற்று. அடுத்த ஆண்டே வெஸ்ற்பாலியா என்ற நிறுவனம் அவ்வெற்றிடத்துட் பொருத்தத்தக்க படுக்கை, அலுமாரி முதலியவற்றைச் செய்து விற்கத் தலைப்பட்டது. போரினாற் சிதைந்த ஒரு நாடு மீண்டும் கையிற் காசைக் கண்ட வேளையில், விடுதிச் செலவின்றிக் கடற்கரைக்குச் சென்றுவர விரும்பிய சிறு குடும்பத்தின் கனவு அது. காற்றினாற் குளிரும் பொறியாதலின் அதற்கு நீர்த்தொட்டி தேவையில்லை. வெப்ப நாடுகளில் அதன் புகழுக்கு இதுவும் ஒரு காரணம். பிரேசிலில் அதன் உற்பத்தி 2013 இறுதிவரை நீடித்தது. இன்று மேனாடுகளில் இவ்வான்களைப் புதுக்குவோர் தொழிற்சாலையின் நிறக்குறியீட்டைத் தேடிப் பிடித்து, ஆணி முதற்கொண்டு அன்றிருந்தவாறே அமைக்க முயல்கின்றனர். வண்டி தொழிற்சாலையைவிட்டு வெளிவந்த நாளே அவர்களுக்கு மூலவடிவம். பின்னர் நிகழ்ந்தவை யாவும் அவர்களுக்கு அழுக்கே.

இவ்வளவுகோலை அப்படியே இங்கு கொண்டுவந்து பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மிடையே ஊர்தியை வீடாக்கும் வழக்கம் வோக்ஸ்வாகனுக்கு மிக முந்தியது. கூடார மாட்டுவண்டியில் அரிசியும் பானையும் பாயும் ஏற்றி, வழியிலுள்ள மடங்களில் தங்கித் திருவிழாவுக்குச் சென்ற தலைமுறைகள் இருந்தன. மோட்டார் வண்டி வந்தபின் அவ்விடத்தை யாழ்ப்பாணத்திற் பற்றிக்கொண்டது தட்டி வான்.

இளைய வாசகர் பலர் தட்டி வானைப் படத்திலன்றிக் கண்டிரார். ஆகவே சிறிது விரித்துரைப்பது தகும். நீண்ட மூக்குடைய பழைய செவர்லே, பெட்போட் முதலிய லொறிகளின் அடிச்சட்டத்தின்மேல், உள்ளூர்த் தச்சர் பலகையாற் கட்டிய கூடு அது. பக்கங்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். மழைக்குப் படங்கு இறக்கப்படும். பின்புறத்திலே சங்கிலியில் தொங்கும் ஒரு பலகைத் தட்டி உண்டு. அதனைக் கிடையாக இறக்கிவிட்டால் வண்டியின் தளம் வெளியே நீண்டுவிடும். வாழைக்குலை, தேங்காய், வெங்காயம், மீன்கூடை, துவிச்சக்கரவண்டி, இடம் கிடையாத இளைஞர் ஆகியோருக்கும் ஆகியவற்றுக்கும் அத்தட்டியே அடைக்கலம். பெயரும் அதனால் வந்ததே. 1958 சனவரி 1ஆந் திகதி தனியார் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின்னரும், பஸ்ஸில் ஏற்றமுடியாத சந்தைச் சுமைகளை நம்பித் தட்டி வான் வாழ்ந்தது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அது ஓடிய காட்சி வடமராட்சி, தென்மராட்சி மக்களின் நினைவில் ஆழப் பதிந்ததொன்று. தேர், தீர்த்தம் என்றால் அதே வான் உறவினர் கூட்டத்தைச் சுமந்து வல்லிபுரத்துக்கோ சந்நிதிக்கோ செல்லும். சென்ற இடத்தில் தட்டி திண்ணையாகும், படங்கு கூரையாகும். மேனாட்டு வானில் கணவன், மனைவி, இரு பிள்ளைகளுக்கு மட்டுமே இடமுண்டு. நம்மவர் வானில் மாமியும் பெரியப்பாவும் அயல்வீட்டாரும் ஏறாவிட்டால் அது பயணமே அன்று. (நெரிசலை இன்பமெனக் கொள்ளும் இம்மனநிலை தனி ஆய்வுக்குரியது.)

தொழிற்சாலையை மூலமாகக் கொள்ளும் கொள்கை இங்கேயே இடறுகிறது. தட்டி வானுக்குத் தொழிற்சாலை எது? பொறியும் சட்டமும் கடல் கடந்து வந்தன. உடல் ஊர்த் தச்சரின் கைப்பட்டது. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. மரம் உக்கிய போதெல்லாம் பலகை மாற்றப்பட்டது. பொறி தேய்ந்தபோது வேறொரு வண்டியின் பொறி வந்து அமர்ந்தது. முதல் நாள் வடிவம் என்று சுட்டத்தக்கது அதற்கு இல்லை. இருந்ததெல்லாம் தொடர்ச்சியான திருத்தமே.

இத்திருத்தக்கலை செழித்தமைக்குக் காரணம் பழமைப்பற்று அன்று, பற்றாக்குறை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. புதிய வண்டி கிடையாது, உதிரிப்பாகமும் அரிது. ஆகவே 1950களில் வந்திறங்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் ஓடியே தீர வேண்டியிருந்தன. பழைய உதிரிப்பாகங்களின் பெருஞ்சந்தையாகப் பஞ்சிகாவத்தை விளங்கியதும், இரும்புச் சாமான்களுக்குப் பழைய சோனகத் தெரு பெயர்பெற்றதும், கடைசற் பட்டறைகளும் ரிங்கரிங் வேலைத்தலங்களும் கொழும்பின் வடபகுதியில் நெருங்கி இருந்ததும் இப்பின்னணியிலேயே நோக்கப்பட வேண்டியன. ஒரு பாகம் இல்லையென்றால் அதனை வார்த்தோ கடைந்தோ செய்தனர். செய்யவியலாதபோது வேறு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தினர். 1977இன் இறுதியிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானிய வாகனங்கள் வந்து குவிந்ததும் இக்கைவினையின் மதிப்புக் குன்றியது. ஆயின் வடக்கில் அது குன்றவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. கிடைத்த சிறிதளவும் சாதாரண மக்களின் கைக்கெட்டாத விலைக்கே விற்கப்பட்டது. அப்போது பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை அற்புதமெனக் கூறுவோர் உளர். அதன் பின்னாலுள்ள பொறியியல் எளிமையானது. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டுப் பொறியை முடுக்கிவிடுவர். பொறி சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். பழைய பொறிகளின் அமுக்கவிகிதம் குறைவாதலின் தரங்குறைந்த அவ்வெரிபொருளை அவை தாங்கிக்கொண்டன. நவீன பொறி அதனை ஏற்காது, தட்டுப்பட்டுச் சிதையும். பிரித்தானியாவிலேயே பெர்கூசன் உழவியந்திரத்தின் ஒரு வகை இவ்வாறு பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுமாறு செய்யப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்து மெக்கானிக் அந்நியதியைத் தொழிற்சாலையின் துணையின்றி, வேறு வண்டிகளில், ஷெல் வீச்சின் நடுவே செயற்படுத்தினார். விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கிப் பொறியெண்ணெயை நீர்க்கச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. வீதியெங்கும் புகை சூழ்ந்தது. ஆயினும் நோயாளரை ஆசுபத்திரிக்கும், மணமகளைக் கோயிலுக்கும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டகன்ற முதியோரைத் தென்மராட்சிக்கும் கொண்டுசேர்த்தவற்றுள் இவ்வண்டிகளும் இருந்தன. 2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்டபோது தெற்கிலிருந்து சென்றோர் அவற்றைக் கண்டு வியந்து படம்பிடித்தனர். அருங்காட்சியகம் ஒன்று வீதியில் ஓடுவதாக அவர்களுக்குத் தோன்றிற்று. ஓட்டியவர்களுக்கோ அதைவிட வேறு வண்டி இருக்கவில்லை.

வண்டியைச் செய்த நாட்டுக்கே இக்கைவினை திரும்பிச் சென்றதும் உண்டு. 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான மொறிஸ் மைனர் பிரித்தானியாவிற் கைவிடப்பட்ட பின், பாத் நகரில் அவ்வண்டிகளைப் புதுக்கும் நிலையமொன்றை நடாத்திய சாள்ஸ் வெயர் என்பார், 1990களின் தொடக்கத்தில் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து அதன் பாகங்களை இந்நாட்டிற் செய்விக்க முன்வந்தார். ஒருகாலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வண்டிக்கு இலங்கையர் அடித்த தகடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

நிறத்தையும் பொறியையும் போலவே இலக்கத் தகடும் ஒரு சான்று. ஏறத்தாழ 1950களின் நடுப்பகுதிவரை வாகன இலக்கங்கள் சீ.என்., ஈ.வை., ஈ.எல். என்றவாறு, பெரும்பாலும் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளாற் குறிக்கப்பட்டன. அதன் பின் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டது. 1958 மார்ச் இறுதியிலும் ஏப்பிரிலிலும் தமிழ்ப் பகுதிகளில் அவ்வெழுத்துக்குத் தார் பூசப்பட்டது. பதிலாகக் கொழும்பிலும் தெற்கிலும் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்டன. ஏப்பிரிலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் வன்செயல் வெடித்தது. 1983 யூலையிற் கொழும்பு வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்பட்டு, அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட பெற்றோலே தீவைக்கப் பயன்பட்டது. எரிந்த தமிழர் உடைமைகளுள் வண்டிகளும் வேலைத்தலங்களும் அடங்கும். வேலைத்தலம் எரிந்தபோது அதன் கணக்குக் கொப்பிகளும் அச்சுகளும் எரிந்தன. எந்த வண்டியில் எவர் எதனை மாற்றினார் என்பதற்கு வண்டியின் உடலேயன்றி வேறு ஆவணம் பல இடங்களில் எஞ்சவில்லை. அவ்வுடலைத்தான் இன்று நாம் மினுக்கித் துடைக்கிறோம்.

ஏட்டுச்சுவடிப் பதிப்பை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலந்தொட்டு, சிதைந்த பிரதியிலிருந்து மூலபாடத்தை மீட்பது எங்ஙனம் என்பது தமிழறிஞரின் பெருங்கவலை. நல்ல பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தை மேலே தந்து, தள்ளிய பாடங்களைக் கீழே காட்டுவார். அவற்றை ஒழித்துவிட மாட்டார். கட்டடங்களைப் பொறுத்தவரை 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும், பழைய வாகனங்களைப் பொறுத்தவரை அவற்றுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் ஏற்ற ரூறின் சாசனமும் ஏறத்தாழ இதனையே வலியுறுத்துகின்றன: பொருள் தன் வாழ்நாளிற் பெற்ற மாற்றங்களும் வரலாறே.

இதற்கு மறுப்பு இல்லாமலில்லை. துருவையும் ஆவணமெனப் போற்ற வேண்டுமா என்று மெக்கானிக்குகள் நகைப்பர். அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு. கடற்காற்று அரித்த அடித்தகட்டைப் புட்டி பூசி மறைப்பது மோசடி. வெட்டியெறிந்து புதுத்தகடு ஒட்டுவதே முறை. தடுப்பும் சுக்கானும் பழுதான வண்டியிற் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை மலைச்சரிவில் இறங்குவதை எந்த வரலாற்றுப் பற்றும் நியாயப்படுத்தாது. ஆயின் உயிராபத்தில்லாத இடங்களில் அவசரம் ஏன்? மண்ணெண்ணெய்க்காக மாற்றிய குழாயையும், ஊர்ப்பட்டறையில் வார்த்த கைபிடியையும், பொருந்தாத ஆனால் ஓடவைத்த அந்த ஒற்றை விளக்கையும் 'அசல் அல்ல' என்று குப்பையிலிட்டு இணையான வெளிநாட்டுப் பாகத்தை வரவழைப்பது, பதிப்பாசிரியர் பாடபேதங்களைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டது. 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டுகளின் திருத்தங்களும் இப்போது வண்டிகளின் உடலில் எழுதப்பட்டுள்ளன.

அந்த வோக்ஸ்வாகன் வான் சென்ற ஆண்டு ஓடத் தொடங்கிவிட்டது. உள்ளே மடக்குக் கட்டிலும், ஒரு காஸ் அடுப்பும், உரிமையாளரின் தாயார் விடாப்பிடியாக ஏற்றுவித்த அம்மியும் இருக்கின்றன. மெக்கானிக்கின் வினாவுக்கு நான் கூறிய விடை நீண்டுபோயிற்று. அவர் அதிற் பாதியையேனும் கேட்டாரோ அறியேன். வெளியே உரிமையாளர் விரும்பிய நீலத்தையே பூசினார். பின்கதவின் உட்புறத்தில் மட்டும் உள்ளங்கையளவு இடத்தைப் பூசாது, படிப்படியாகத் தேய்த்து, மேலே நிறமற்ற வார்னிஷ் தடவி விட்டிருக்கிறார். கதவைத் திறந்தால் ஐந்து நிறங்களும் ஒன்றன் உள்ளே ஒன்றாக, அறுத்த வெங்காயம் போலத் தெரிகின்றன.