வளைந்த தகட்டில் ஒரு துளை: கொமெட் விமானம் கற்பித்த பாடம்



வளைந்த உலோகத் தகட்டில் துளையிடுவது எளிய வேலையாகத் தோன்றும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் நேராக ஒரு துளை இடுவதாகக் கொள்வோம். அவ்வுருளையை வெட்டி விரித்தால் துளை வட்டமாக இராது. நீளவாட்டில் 50 மில்லிமீட்டராகவும், சுற்றுவாட்டில் ஏறத்தாழ 52.4 மில்லிமீட்டராகவும் இருக்கும். பால் டின்னின் மீது காகிதம் சுற்றி மாணவர்களே இதனைச் சோதிக்கலாம்.

இக்கணக்கை முன்னர்க் கையால் வரைந்தே தீர்த்தனர். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்டு ஸ்கெட்ச்பேட் என்னும் மென்பொருளைப் படைத்தார். திரையில் வரையும் கலைக்கு அது முன்னோடி. இன்றைய வரைவு மென்பொருள்களில் வளைந்த தகட்டைத் திரையிலேயே விரித்து, துளையை வெட்டி, மீண்டும் வளைத்துவிடலாம்.

ஆயினும், துளையின் வடிவம் சரியாக அமைந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு வரலாற்றில் துயரமான சான்று உண்டு.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கொமெட், 1952 மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சேவையைத் தொடங்கியது. பின்னர் சிங்கப்பூருக்கும் பறந்தது. 1954 ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற கொமெட், ரோம் நகரைவிட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் எல்பா தீவருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் நாள் மற்றொன்று நேப்பிள்ஸ் அருகே வீழ்ந்து 21 உயிர்களைப் பறித்தது.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஆய்வாளர்கள் ஒரு கொமெட்டின் உடற்பகுதியைப் பெரும் தொட்டிக்குள் வைத்து, நீரின் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினர். முன்பு பறந்த பயணங்களையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 அழுத்தச் சுற்றுகளில் அது திறப்பு ஒன்றின் மூலையில் பிளந்தது. எல்பாவில் மீட்கப்பட்ட சிதைவிலோ, கூரையில் அலைவாங்கிக்காக வெட்டிய திறப்பின் அருகே, சிறு ஆணித் துளை ஒன்றின் ஓரத்தில் விரிசல் தொடங்கியிருந்தது. பயணிகள் சாளரமே காரணம் எனப் பலர் கூறுவது முழு உண்மையன்று.

அகன்ற தகட்டை ஒரு திசையில் இழுத்தால், வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும் என 1898ஆம் ஆண்டிலேயே கிர்ஷ் கணக்கிட்டிருந்தார். மூலை கூர்மையானால் அது மேலும் பெருகும். விமானம் பறக்கும் ஒவ்வொரு முறையும் உடற்பகுதி உப்பிச் சுருங்குவதால் உலோகம் சோர்வடைந்தது.

அப்படியானால் தயாரிப்பாளர் சோதிக்கவில்லையா? சோதித்தனர். அவர்களது மாதிரிப் பகுதி சுமார் 18,000 சுற்றுகளைத் தாங்கியது. ஆனால் அதே பகுதிக்கு முன்னரே மிகையழுத்தம் கொடுத்து வலிமைச் சோதனை நடத்தியிருந்தனர். அதனால் மூலைகளிலிருந்த உலோகம் சற்றே இளகி நிலைமாறி, சோர்வை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கோ அந்த ஆற்றல் இல்லை. சோதனை முடிவு உண்மையே. அது சொன்ன பொருள்தான் பிழையானது.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். முன்பே பலமுறை செய்து பழகிய கேள்விகளையே தேர்வில் கொடுத்து, கிடைக்கும் உயர்ந்த புள்ளிகளைக் கண்டு மகிழ்கிறோம். புதிய கேள்வியின்முன் அம்மாணவன் தடுமாறும்போது வியக்கிறோம். பெற்றோர்களும் புள்ளியை மட்டும் பாராமல், அது எவ்வாறு பெறப்பட்டது என வினவுதல் நன்று.

கொமெட் தடித்த தகடுகளோடு திருத்தியமைக்கப்பட்டு, 1958ஆம் ஆண்டு மீண்டும் பயணிகள் சேவைக்கு வந்தது. அந்த ஆய்வின் முடிவுகளை உலகின் பிற விமானத் தயாரிப்பாளர்களும் பயன்படுத்திக்கொண்டனர். திரையில் ஒரு நொடியில் துளையிடும் இன்றைய மாணவனுக்கு, அத்துளைக்குப் பின்னால் 56 உயிர்கள் உள்ளன என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.