ஆர்.வி. அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, ஓசூர்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரிலுள்ள பழமையான பள்ளி. இதன் பழைய மாணவர்களுள் தலையாயவர் மூதறிஞர் இராஜாஜி (1878–1972). ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். ஊர்ப் பள்ளியில் தொடங்கிய கல்வியை இங்கே தொடர்ந்தார். பின்னர் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சேலத்தில் வழக்கறிஞரானார்.

1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்தினார். 1937–39இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948–50இல் இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநர், 1952–54இல் சென்னை மாநில முதலமைச்சர் எனப் பொறுப்புகள் வகித்தார். 1954இல் பாரத ரத்னா பெற்றார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும் இந்த எல்லையூர்ப் பள்ளியில் படித்தவரே, தலைமை ஆளுநர் பதவி வகித்த ஒரே இந்தியர் என்பது ஓசூரின் நிலைத்த பெருமை.