கோலி சோடா: காற்றை அடைத்து வைத்த கதை

பாட்டில் வாயில் கட்டையை வைத்து ஒரு அழுத்து. கோலி உள்ளே இறங்கி 'புஸ்'ஸென்று சத்தம் வந்தால் நல்ல சோடா. சத்தமே வரவில்லை என்றால் அது கேஸ் போன சோடா! தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கல்யாண விருந்து முடிந்து சோடா தேடும் எவருக்கும் இந்தப் பரிசோதனை தெரியும். தண்ணீருக்குள் காற்றை அடைப்பது சுலபம். அதை அங்கேயே இருக்க வைப்பதுதான் கஷ்டம். சோடாவின் வரலாறே இந்தக் கஷ்டத்தின் வரலாறுதான்.

பீர் தொட்டியில் பிறந்த சோடா

1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டியின் மேல் தேங்கி நின்ற கரியமில வாயுவுக்குள் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் சுறுசுறுவென்று ஆனது. 1772இல் செய்முறையை எழுதி வெளியிட்டார். 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் அதை வியாபாரமாக்கினார்.

சிக்கல் மூடியில் வந்தது. தக்கை காய்ந்தால் சுருங்கும், கேஸ் போய்விடும். தக்கை ஈரமாகவே இருக்க வேண்டுமென்று, நிற்கவே முடியாத முட்டை வடிவ பாட்டில்களைச் செய்து படுக்க வைத்தார்கள்!

காட் என்பவரின் கோலி

1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். வாயின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம், கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்பினால் கோலி வளையத்தின் மேல் வந்து உட்காரும். பிறகு நிமிர்த்தினாலும் விழாது. வெளியேறத் துடிக்கும் கேஸே கோலியை வளையத்தோடு அழுத்தி வாசலை அடைத்துவிடும். திருடனையே காவலுக்கு வைத்தது போல!

1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயிண்டர் தகர மூடியைக் கண்டுபிடித்தார். மேல்நாடுகளில் கோலி மெல்ல மறைந்தது. நம் ஊரில் நிலைத்தது. காரணம் எளிது. தகர மூடி ஒருமுறைக்குத்தான் உதவும். கோலி பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்பினால் போதும். ஒரு கேஸ் சிலிண்டரும் கையால் சுற்றும் மெஷினும் இருந்தால் சின்ன ஊரிலும் சோடா கம்பெனி நடத்தலாம்.

டெல்டா வெயிலும் சோடாவும்

ஆனால் வெயில் சும்மா விடுமா? சாதாரண காற்றழுத்தத்தில் 0 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 0.66 லிட்டர்தான். அக்னி நட்சத்திரத்தில் வெந்நீராகக் கிடக்கும் தொட்டித் தண்ணீரில் சோடா போட்டால் காரம் ஏறாது.

கோளாறைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. திறக்கும்போது பெரிய சத்தம் வந்து, குடித்தால் சப்பென்று இருக்கிறதா? கேஸ் தண்ணீரில் கரையாமல் மேலேயே நின்றிருக்கிறது. தண்ணீர் சூடாக இருந்திருக்கும், அல்லது மெஷினைச் சுற்றியது போதவில்லை. சத்தமே இல்லையா? ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது கோலியில் அழுக்கு. பாட்டிலைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் காட்டிக் கொடுக்கும். சிலிண்டர் குழாயில் கசிவு என்றால் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பார்கள்.

கோலிக்கு என்ன ஆனது?

1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்றவை பெரிய நிறுவனங்களாக வளர்ந்தன. ஊர்ச் சோடா கம்பெனிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1977இல் இந்தியாவை விட்டுப்போன கோக்க கோலா 1993இல் திரும்பியது. பெப்சியும் வந்தது, பிளாஸ்டிக் பாட்டிலும் வந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, கோலி சோடா மறுபடி பேச்சில் அடிபட்டது. 2025இல் வளைகுடா நாடுகளுக்குக்கூட ஏற்றுமதியானது.

கோலி சோடா கப்பலேறுவது சந்தோஷம்தான். ஆனால் அதன் உண்மையான பெருமை கழுவிக் கழுவிப் பலமுறை பயன்பட்ட பாட்டிலில் இருந்தது. தேய்ந்தால் மாற்ற வேண்டியது ஒரு ரப்பர் வளையம் மட்டுமே. இன்று காவிரி வாய்க்கால் மதகுகளில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பார்த்தால், அந்தச் சின்ன வளையத்தின் அருமை புரியும்.