பெங்களூரில் வரைந்த சில்லு

பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, 1961-இல் வானொலிப் பெட்டிகளுக்கு வேண்டிய வால்வுகளையும், மறு ஆண்டில் ஜெர்மேனியத்தாலான குறைகடத்திகளையும், 1964-இல் அகில இந்திய வானொலி நிலையங்களுக்கான ஒலிபரப்பிகளையும் செய்யத் தொடங்கிற்று. கருவியை எண்ணி வரைபவரும், அதன் உறுப்புகளைச் செய்பவரும், அவற்றைப் பூட்டி முடிப்பவரும் அங்கே ஒரே மதிலுக்குள் இருந்தனர். செய்த சரக்கு விலைபோகுமா என்னும் கவலை அத்தொழிற்சாலைக்குப் பெரிதாக இருக்கவில்லை. வாங்குவோர் பெரும்பாலும் அரசாங்கத் துறைகளே. என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்பதும் முன்னரே தெரியும்.

அதே நகரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்த வேறொரு நிறுவனத்தின் வரலாற்றை ஈண்டு நாம் காண விழைகிறோம். சாங்க்யா லேப்ஸ் என்பது அதன் பெயர். பண்டைச் சாங்கிய தரிசனத்தை நினைவூட்டும் பெயர். புகைபோக்கியோ, உலையோ, வார்ப்பு எந்திரமோ அந்நிறுவனத்துக்கு இருந்ததில்லை. ஆயினும் அது சில்லுகளை உருவாக்கி விற்றது. அதனை ஓயாது வாட்டிய கவலை, பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்கு இல்லாதிருந்த அந்தக் கவலையே: செய்ததை யார் வாங்குவார்?

ஆலையின்றிச் சில்லு செய்வது எங்ஙனம் என்று நேயர்கள் வியக்கக்கூடும். சிப் என்று யாவரும் வழங்கும் சில்லு, நகத்தின் அளவேயுள்ள ஒரு சிலிக்கன் துண்டு. அதில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. அவற்றை எப்படி எப்படி இணைப்பது என்று வகுப்பது ஒரு தொழில். வகுத்தபடி சிலிக்கன் மேல் பொறிப்பது மற்றொரு தொழில். முன்னாளில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே நிறுவனம் செய்து வந்தது. 1987-ஆம் ஆண்டில் தைவான் நாட்டில் மோரிஸ் சாங் என்பார் டி.எஸ்.எம்.சி. என்னும் ஆலையை நிறுவி, தமக்கென ஒரு சில்லையும் வரையாமல், பிறர் வரைந்தவற்றைப் பொறித்துத் தருவதையே தொழிலாகக் கொண்டார். நூலாசிரியர் அச்சகம் வைத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, அச்சுக் கூலியைச் செலுத்தினால் போதும். அந்நிலை சில்லுத் தொழிலிலும் அதன்பின் எங்கும் பரவியது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அச்சான நூலில் பிழை காணப்பட்டால் பிழைதிருத்தம் ஒன்றை அச்சிட்டு ஒட்டிவிடலாம். நம் நாட்டுப் பதிப்பாளர்களுக்கு அது கைவந்த கலை. சில்லில் அது செல்லாது. மாஸ்க் எனப்படும் நுண்ணிய அச்சுத் தகடுகளை மீண்டும் செய்தாக வேண்டும். மாதங்கள் பல கழியும். பெரும் பொருளும் செலவாகும். ஆகவே வரைந்ததைக் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பிழை தேடுவதிலேயே பொறியாளர்களின் காலம் பெரும்பாலும் செல்கிறது.

சில்லு ஆலையை நம் நாடு முயலாமல் இல்லை. சண்டிகருக்கு அருகே மொஹாலியில் அரசாங்கம் அமைத்த ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. 1989 பிப்ரவரியில் தீக்கு இரையாயிற்று. பின்னர் அது மீண்டும் இயங்கிற்று எனினும், அதற்குள் உலகம் வெகு தூரம் சென்றுவிட்டது.

பெங்களூர் நடந்த வழி வேறு. 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அங்கே தன் வடிவமைப்பு நிலையத்தைத் திறந்தது. வரைந்தவற்றைச் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கென நிறுவப்பட்ட பெரிய அலைவாங்கித் தட்டு, மாட்டு வண்டியில் ஏறி வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். அதன்பின் இன்டெல், குவால்காம் எனப் பெருநிறுவனங்கள் பல அந்நகருக்கு வந்தன. உலகில் சில்லு வடிவமைக்கும் பொறியாளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் இந்தியர் என்று நம் அரசாங்கம் கணக்குக் கூறுகிறது. ஆனால் அவர்கள் வரைந்த சில்லின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் பிறருடையது. இதனைக் கூலி வேலை என்று இகழ்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கொத்தனாரிடம் சித்தாளாக நின்று பழகாமல் எவரும் வீடு கட்டக் கற்பதில்லை. பழகியவர் தமக்கென ஒரு வீடு கட்டத் தொடங்கும்போது மனைக்கும் பணத்துக்கும் எங்கே போவார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்விடத்தில், சாங்க்யாவுக்குச் சற்று முற்பட்ட பீசீம் என்னும் நிறுவனத்தையும் கூறுதல் தகும். அதனைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் நம் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் பணியாற்றிப் போர்க்கப்பல்களுக்கு நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கியவர். பெங்களூரில் ஆராய்ச்சிக் கூடங்களை அமைத்து நடத்தியவர். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். ஒரே அலைவரிசையில் பல ஆண்டெனாக்களைக் கொண்டு பல செய்திக் கற்றைகளை ஒருங்கே அனுப்பலாம் என்னும் கருத்தை அங்கே அவர் வகுத்தார். தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1994-ஆம் ஆண்டினது. இன்றைய கைபேசிகள் பேசும் முறைக்கு அடிப்படையானவற்றுள் அக்கருத்தும் ஒன்று. அதற்காக 2014-இல் அவருக்கு மார்க்கோனிப் பரிசு அளிக்கப்பட்டது.

2003-இல் தொடங்கப்பெற்ற பீசீமின் தலைமையகம் கலிபோர்னியாவில் இருந்தது; பெங்களூரில் அதற்கு வடிவமைப்பு நிலையம் இருந்தது. வைமாக்ஸ் என்னும் கம்பியில்லா இணைய முறைக்கான சில்லுகளில் அது முன்னணியில் நின்றது. ஆனால் அதே காலத்தில் எல்.டி.ஈ. என்னும் போட்டி முறை எழுந்தது; உலகத் தொலைபேசி நிறுவனங்கள் அதன் பக்கம் சாய்ந்தன. 2010-இல் பீசீமை பிராட்காம் நிறுவனம் 31 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. முதல் போட்டவர்க்கு நட்டமில்லை. ஆயினும் ஒரே முறையை நம்பிச் சில்லு வரைபவர், அம்முறை வீழ்ந்தால் தாமும் வீழ்வார் என்பது தெளிவாயிற்று. முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ அவர் கையில் இல்லை.

2007-ஆம் ஆண்டு வாக்கில் பராக் நாயக், ஹேமந்த் மல்லாபூர், விஸ்வகுமார காயர்கட்டே ஆகியோர் பெங்களூரில் தொடங்கிய சாங்க்யா, இச்சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை அமெரிக்காவில் ஒன்று, ஐரோப்பாவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, சீனத்தில் ஒன்று. வழக்கமான சில்லில் ஒவ்வொரு முறைக்கும் வேண்டிய கணக்கு வழி, டிரான்சிஸ்டர்களின் இணைப்பிலேயே பதிந்துவிடும், மாற்றவியலாது. சாங்க்யாவினர் அதனைச் சில்லில் பதிக்காமல், கணினி நிரல் போல மேலே எழுதி ஏற்றும்படி வகுத்தனர். நிரலை மாற்றினால், அதே சில்லு வேறொரு நாட்டின் அலையைப் புரிந்துகொள்ளும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. பதித்த சில்லைவிட இவ்வகைச் சில்லு மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் இயல்புடையது. அப்பசியை அடக்குவதில்தான் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இங்ஙனம் உருவான சில்லு வரிசைக்குப் பிருத்வி என்று பெயரிட்டனர். அதில் பிருத்வி-3 என்பதனை 2018 டிசம்பரில் அந்நாள் தகவல் தொடர்பு அமைச்சர் மனோஜ் சின்ஹா வெளியிட்டார். பன்னிரண்டு ஒளிபரப்பு முறைகளைப் புரிந்துகொள்ளும் அச்சில்லு, சாம்சங் ஆலையில் 28 நானோமீட்டர் நுட்பத்தில் பொறிக்கப்பட்டது. பெங்களூரில் வரைந்து, கொரிய நாட்டு நிறுவனத்தின் ஆலையில் வார்த்த அச்சில்லுக்கு, ஆதரவு நல்கிய முதற்பெரும் புரவலர் அமெரிக்காவின் சின்க்ளேர் ஒளிபரப்பு நிறுவனம்.

ஏன் இந்திய நிறுவனம் ஒன்று முன்வரவில்லை? இக்கேள்விக்கு விடை காண, கைபேசிச் சில்லுத் தொழிலில் வென்றவர்கள் எங்ஙனம் வென்றனர் என்று பார்க்க வேண்டும். 1985-இல் தோன்றிய குவால்காம், தன் தொலைபேசி முறையை எவரும் ஏற்க முன்வராத காலத்தில், கைபேசிகளையும் கோபுரக் கருவிகளையும் தானே செய்து விற்றது. அம்முறை வேரூன்றிய பின்னரே, கருவித் தொழிலை எரிக்ஸனுக்கும் கைபேசித் தொழிலைக் கியோசெராவுக்கும் கொடுத்துவிட்டுச் சில்லுக்கும் உரிமைப் பணத்துக்கும் திரும்பியது. 1997-இல் தைவானில் தோன்றிய மீடியாடெக்குக்கு அந்தத் தொல்லையும் இல்லை. கடலுக்கு அப்பால் சீனத்தின் ஷென்ஜென் நகரில் கைபேசி பூட்டும் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சில்லோடு நிரலையும் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்தால், பட்டறைக்காரர் பெட்டியை மட்டும் செய்து விற்றுவிடுவார். ஒருவர் வாங்குவோரைத் தாமே உண்டாக்கினார். மற்றவர்க்கு வாங்குவோர் அண்டை வீட்டில் இருந்தனர். பெங்களூருக்கு இரண்டும் இல்லை. சாங்க்யா வளர்ந்த ஆண்டுகளில் இந்தியாவில் விற்ற கைபேசிகள் கோடிக்கணக்கானவை. ஆனால் அவற்றினுள் எந்தச் சில்லு இருக்க வேண்டும் என்னும் முடிவு பெரும்பாலும் இந்தியாவுக்கு வெளியே எடுக்கப்பட்டது. அறிவுப் பஞ்சம், பணப் பஞ்சம் என்று பலர் பல காரணம் கூறுவர். வாங்குவோர் பஞ்சமே முதற்காரணம் என்பது நம் கருத்து.

சின்க்ளேரின் நோக்கம், ஏ.டி.எஸ்.சி. 3.0 என்னும் புதிய ஒளிபரப்பு முறையைக் கைபேசிக்குள் கொண்டு செல்வது. அதற்கென லட்சக்கணக்கான சில்லுகளை இலவசமாகத் தரவும் ஆயத்தமாக இருப்பதாக அந்நிறுவனம் 2018-இல் அறிவித்தது. இலவசம் என்றாலும் பெரிய கைபேசி நிறுவனங்கள் அசையவில்லை. தொலைபேசி நிறுவனத்தின் வழியாகப் பணம் கொடுத்துக் காணும் படத்தை, வானிலிருந்து விலையின்றி இறக்கித் தரும் சில்லை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்?

அமெரிக்கக் கதவு முழுதும் திறவாத நிலையில், சாங்க்யா உள்நாட்டில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளிலும், தொலைபேசிக் கோபுரக் கருவிகளிலும் கை வைத்தது. இவையெல்லாம் பிழைப்புக்கான வழிகள். சிறுமையாகச் சொல்லவில்லை, பிழைத்திருப்பதும் ஒரு திறமையே. 2022 மார்ச்சில், அதே நகரில் 2000-இல் தோன்றி, 2021-இல் டாட்டா குழுமத்தின் ஆளுகைக்குள் வந்த தேஜஸ் நெட்வொர்க்ஸ், சாங்க்யாவின் 64.40 விழுக்காட்டுப் பங்குகளை 283.94 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. எஞ்சியதை நிறுவன இணைப்பின் வாயிலாகப் பெறுவது என்பது ஏற்பாடு. பீசீமை வாங்கியவர் கடல் கடந்த நிறுவனத்தார். சாங்க்யாவை வாங்கியவர் உள்ளூரார். அதுமட்டுமன்று. தேஜஸ் கருவி செய்யும் நிறுவனமாதலால், சில்லுக்கு ஒரு வாங்குவோர் வீட்டுக்குள்ளேயே கிடைத்தார். தொடங்கியவர்களுக்கு இது வெற்றியா, சரணாகதியா என்று விவாதிப்பாரிடம் நாம் முதலில் குறிப்பிட்ட ஜாலஹள்ளித் தொழிற்சாலையை நினைவூட்டலாம்.

கைபேசிக்குள் புகும் முயற்சி நம் நாட்டிலும் தொடர்ந்தது. பிரசார் பாரதி, கான்பூர் ஐ.ஐ.டி., சாங்க்யா மூவரும் சேர்ந்து, கைபேசிக்கு நேரடி ஒளிபரப்பு என்னும் முறையைச் சோதித்தனர். இணையத்தில் ஆயிரம் பேர் ஒரு காட்சியைக் காண ஆயிரம் தடவை அனுப்ப வேண்டும். ஒலிபரப்புக் கோபுரமோ ஒரே தடவை அனுப்பும், கேட்போர் எத்தனை பேராயினும் அதன் சுமை கூடாது. வெள்ளத்திலும் புயலிலும் தொலைபேசிக் கோபுரங்கள் திணறும்போது இதன் பயன் தமிழகக் கடற்கரையில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் அபூர்வ சந்திரா, 19 நகரங்களில் சோதனை நடத்தப்படும் என்றும், 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இதற்கென ஒதுக்க வலியுறுத்தப்படும் என்றும் கூறினார்.

எதிர்ப்பும் உடனிருந்தது. புதிய உறுப்புகளைச் சேர்த்தால் கைபேசி ஒன்றுக்கு 30 டாலர் வரை செலவு கூடும் என்று பெருநிறுவனங்கள் அரசாங்கத்துக்கு எழுதியதாக 2023 நவம்பரில் செய்தி வந்தது. எதிர்த்தவர்களுள் குவால்காமும் சாம்சங்கும் அடக்கம். பிருத்வி-3-ஐப் பொறித்துத் தந்ததும் சாம்சங்கின் ஆலைதான் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அச்சகத்தார் நூலை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, தம் கடையில் விற்க மறுப்பது போன்ற நிலை இது.

2025 மே மாதத்தில் பம்பாயில் நடந்த வேவ்ஸ் மாநாட்டை ஒட்டி, லாவா, எச்.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்கள் நேரடி ஒளிபரப்பைப் பெறும் கைபேசிகளை அறிவித்தன. லாவாவினது பொத்தான்கள் கொண்ட எளிய கைபேசி, 2.8 அங்குலத் திரை உடையது. வானலையைப் பிடித்துப் படமாக்க அதனுள் சாங்க்யாவின் எஸ்.எல். 3000 சில்லு இருந்தது. அதன் பக்கத்தில், கைபேசியின் ஏனைய வேலைகளையெல்லாம் செய்வதற்கு, மீடியாடெக்கின் சில்லு இருந்தது.