ஒப்பந்தமல்ல, கடிதம்!

கம்பத்திலே நின்று மேற்கே நோக்குங்கள், தோழர்களே! வானை முட்டும் மலைத்தொடர். அதற்கப்பால் பழைய திருவிதாங்கூர். கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என விரியும் இப்பள்ளத்தாக்கு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தது. திப்பு சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டது. 1792இல் அது கிழக்கிந்தியக் கும்பினியின் உடைமையாயிற்று. போரினால் என்பர். அந்தப் போருக்கே முன்கூட்டித் தடை போட்டிருந்தது ஒரு சட்டம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

1784இல், பிட் முதலமைச்சராயிருந்தபோது, இலண்டன் பாராளுமன்றம் அச்சட்டத்தை இயற்றிற்று. இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் தம் நாட்டின் மானத்துக்கு மாறானவை என்று அதில் எழுதி வைத்தனர். தாயகத்தின் வெளிப்படையான உத்தரவின்றிக் கவர்னர் ஜெனரல் போர் தொடுக்கலாகாது. போருக்கு இழுத்துச் செல்லும் உடன்படிக்கையும் செய்யலாகாது. நல்ல பூட்டு! ஆனால் பூட்டிலேயே ஒரு துளை. எதிரி போரைத் தொடங்கிவிட்டாலோ, போருக்கு ஆயத்தம் செய்தாலோ, கும்பினி காப்பதாக உறுதி தந்த மன்னரைத் தாக்க முனைந்தாலோ, உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

காரன்வாலிஸ் பிரபு 1789 சூலையில் ஐதராபாத் நிசாமுக்கு ஒரு கடிதம் வரைந்தார். நிசாம் கேட்டால் படை தருவோம். ஆனால் கும்பினியின் நட்பரசர்மீது அதை ஏவலாகாது என்று கூறி, அவ்வரசர்களின் பட்டியலையும் தந்தார். பட்டியலில் திப்புவின் பெயர் இல்லை! புதிய உடன்படிக்கை செய்யச் சட்டம் இடந்தரவில்லையே? அதனாலென்ன, இக்கடிதமே உடன்படிக்கைக்கு ஒப்பாகக் கட்டுப்படுத்தும் என்று அவரே எழுதிவிட்டார். சட்டத்தை இத்துணை மரியாதையோடு மீறியவர் சிலரே.

அவ்வாண்டு டிசம்பர் 29இல் திப்புவின் படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கிற்று. துளை திறந்துகொண்டது. திப்புவுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவரும் எந்த மன்றத்தையும் கேட்டுப் படை நடத்தியவரல்லர். மன்றம் இருந்த நாட்டார் அதை என்ன பாடுபடுத்தினர் என்பதே நம் கேள்வி. 1790 ஆகஸ்டில் திண்டுக்கல் கோட்டை வீழ்ந்தது. 1791இல்தான் பாராளுமன்றத்தில் வாதம். பிரான்சிஸ், பாக்ஸ் போன்றோர் சட்டத்தை நினைவூட்டிக் கண்டித்தனர். கடிதம் கப்பலேறிக் கரை சேர ஐந்தாறு மாதம் ஆகும் காலம் அது. நடக்கும் போரை நிறுத்தென்று கூற எந்தச் சபைக்கு நெஞ்சுரம் வரும்? பெரும்பான்மையோர் போருக்கு ஒப்புதல் அளித்தனர்.

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்புவின் நாட்டில் பாதி போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். மைந்தர் இருவர் பிணை. கும்பினியின் பங்கில் மலபார், பாரமகால், சேலம், திண்டுக்கல். திண்டுக்கல்லோடு கம்பம் பள்ளத்தாக்கும். நாடு பிடிப்பது மானக்கேடு என்றவர்கள் பெற்ற பங்கு இது! ஏர் பிடித்திருந்த உழவனை இலண்டனும் கேட்கவில்லை, சீரங்கப்பட்டணமும் கேட்கவில்லை. வரி கேட்பவர் மட்டும் மாறினர்.

துளை அத்தோடு அடைபடவில்லை. 1939 செப்டம்பர் 3இல் இந்தியா போரில் இறங்கியதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். டெல்லியிலிருந்த மத்திய சட்டசபையை அவர் கேட்கவில்லை. விடுதலைக்குப் பின்? 1950இன் அரசியல் சட்டம், போர், சமாதானம் பற்றிச் சட்டமியற்றும் உரிமையைப் பாராளுமன்றத்துக்குத் தந்தது; செலவுப் பணத்துக்கும் அதன் ஒப்புதல் வேண்டும். படை அனுப்புமுன் வாக்கெடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை.

1987 சூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாண மண்ணில்! முன்கூட்டி வாக்கெடுப்பு ஏதும் நடக்கவில்லை. அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் போரில் இறங்கிற்று. 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலேறியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்களும் ஈழத் தமிழ் மக்கள் பலரும் மாண்டிருந்தனர்.