கோமுட்டிக் கடையும் 102 கோத்திரமும்

முதலியார்பேட்டையில எங்க தெருமுனை மளிகைக்கடைச் செட்டியார் நம்மகிட்ட தமிழ், உள்ளே வீட்டம்மாகிட்ட தெலுங்கு. சின்ன வயசுல 'கோமுட்டிக் கடை'ன்னு சொல்லித்தான் சாமான் வாங்கப் போவோம். அந்தப் பேர் அவங்களுக்குப் பிடிக்காதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சது. ஆரிய வைசியர்னுதான் அவங்க சொல்லிக்குவாங்க.

மகாத்மா காந்தி வீதி கன்னிகா பரமேஸ்வரி கோயில் தெரியும்தானே? அந்த அம்மன்தான் இவங்க குலதெய்வம் வாசவி. கதை நடக்கிற ஊர் கோதாவரிப் பக்கம் பெனுகொண்டா. வணிகர் தலைவர் குசும சிரேஷ்டியோட மகளைப் பொண்ணு கேக்கிறான் ராஜா விஷ்ணுவர்த்தனன். மொத்தம் 714 கோத்திரம். ராஜாவைப் பகைச்சுக்க வேணாம்னு 612 ஒதுங்கிடுது. மிச்ச 102 கோத்திரத்துக்காரங்க வாசவியோட தீயில இறங்கிடறாங்க.

கல்வெட்டு ஆதாரமெல்லாம் கேக்காதீங்க :-) கீழைச் சாளுக்கியர்ல விஷ்ணுவர்த்தனன்னு பல ராஜாக்கள் உண்டு, எவன்னு பிடிக்கிறதே கஷ்டம். ஆனா கணக்கு மட்டும் நிக்குது. கல்யாணம் பேசறப்ப கோத்திரம் அந்த 102-ல ஒண்ணான்னு பார்ப்பாங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே கோத்திரமா இருக்கவும் கூடாது. தாய்மாமன் பொண்ணைக் கட்டற 'மேனரிகம்' ஒரு காலத்துல கிட்டத்தட்ட கட்டாயம்.

"அந்த 612 பேர் என்ன ஆனாங்க?"ன்னு செட்டியாரைக் கேட்டேன். பருப்பு நிறுத்துக்கிட்டே, "அவங்களும் எங்கயாவது கடை வச்சிருப்பாங்க தம்பி"ன்னார்.